யார் பணம், யார் பேனா?

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு)



1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் தொடங்கிய வார இதழுக்கு விலையே பெயரானது: ‘ஒரு பைசாத் தமிழன்’. கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் கடல் கடந்து போன நம் மக்களும் அதைத் தாங்கினார்கள். அவர் மறைந்த பிறகு ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழ’னை மீண்டும் நடத்தினார். சுரங்கத்தில் இறங்கியவர்களின் காசும் சேர்ந்து நடந்த பத்திரிகை அது. ஆகவே இன்று ஊடகங்களுக்கும் இணையத்துக்கும் வரும் நன்கொடைப் பணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை இல்லை.

நன்கொடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். திலகரின் ‘கேசரி’யோ, கட்டணம் தருகிறோம் என்ற பிறகும் அந்த இதழின் விளம்பரத்தைப் போட மறுத்தது. காசு கொடுத்தாலும் நமக்குக் கதவு திறக்காத காலத்தில் ஒரு கொடையாளர் கை கொடுத்தார். ஆனால் பேனா அம்பேத்கரிடம் இருந்தது. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

2015-இல் பெங்களூரில், பொதுநல ஊடகங்களுக்கு நிதி தருவதற்கென்றே ஓர் அறக்கட்டளை உருவானது. அசிம் பிரேம்ஜி, ரோகிணி நிலேகணி போன்றோர் பணம் கொடுத்தார்கள். விளம்பரதாரருக்கு அஞ்சாத இணைய இதழ்கள் சில அதனால் மூச்சுவிட்டன. நல்லதுதான். ஆனால் 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி, இணையதளம், பருவ இதழ் என எல்லாவற்றிலும் எடுத்துக்கொண்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்க சாதியினரிடம். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. பொதுநலம் என்று சொல்லிப் பணம் வருகிறது. எது பொது என்று முடிவு செய்யும் நாற்காலியில் நாம் இல்லை.

அந்த நாற்காலியில் நாமே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? 2002-இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடம் மாவட்டத்தில் ‘கபர் லஹரியா’ பிறந்தது. நிரந்தர் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, பெரும்பாலும் தலித் பெண்கள், தங்கள் வட்டார மொழியில் எழுதி, அச்சிட்டு, ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு இணையத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அப்போது அவர்களே அறிக்கை விட்டார்கள்: படம் காட்டுவது எங்கள் கதையின் ஒரு பகுதி மட்டுமே என்று. புகழ் வரும் நேரத்திலும் அப்படிச் சொல்ல முடிந்ததே, அதுதான் பேனாவைக் கையில் வைத்திருப்பது.

என் அனுபவம் ஒன்று. பழைய தலித் இதழ்களை மின்வடிவமாக்க ஓர் அமைப்பிடம் விண்ணப்பித்தோம். அவர்கள் முதலில் கேட்டது பயனாளிகளின் புகைப்படம். அந்த இதழ்களை நடத்தியவர்கள் ஆசிரியர்கள், சிந்தனையாளர்கள். அவர்கள் யாருக்கும் பயனாளிகள் அல்லர். நாங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அந்தத் தாள்கள் இன்னும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. முடிவு சரிதானா என்று இன்றும் எனக்குள் கேள்வி உண்டு.

கொடையாளர் போய்விடவும் செய்வார். ஒமிட்யார் நெட்வொர்க் இந்தியா தன் பணிகளை முடித்துக்கொள்வதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. வெளிநாட்டு நிதிச் சட்டமோ, ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020-இல் தடுத்துவிட்டது. பெரிய அமைப்பின் வழியாக நிதி பெற்ற கிராமத்துச் சிறு குழுக்களுக்குத்தான் முதல் அடி.

இளைஞர்களே, நீங்கள் யூடியூப் அலைவரிசை தொடங்குங்கள், ஆவணக் காப்பகம் கட்டுங்கள். பணம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எதை வெளியிடுவது என்று முடிவு செய்பவர் யார்? கணினியும் கோப்புகளும் கடைசியில் யாருக்குச் சொந்தம்? இந்தப் பணம் நாளை நின்றால் எத்தனை மாதம் தாங்குவோம்? மூன்றாவது கேள்விக்கு விடை நம் மக்களின் சந்தாவில்தான் இருக்கிறது. கொடையை வாங்குவோம், ஆனால் அந்த ஒரு பைசாவை வசூலிப்பதை நிறுத்த வேண்டாம்.