கலோரிக் கணக்கு யாருக்கு?
(கீழ்பென்னாத்தூரில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலை வேனில் வேலைக்குப் போகும் நம் பெண்கள் சிலர் இப்போது செல்போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு தட்டுச் சோறு என்று பதிந்தால், இத்தனை கலோரி உள்ளே போயிற்று, இனி இவ்வளவுதான் பாக்கி என்று அந்தச் செயலி சொல்கிறது. பாக்கி தீர்ந்துவிட்டால் சிவப்பு எழுத்து வரும். அதைப் பார்த்துவிட்டு இராச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாள் மகள் என்று ஒரு தாயார் நம்மிடம் வருத்தப்பட்டார். இது நல்லதா, கெட்டதா என்று கேட்டார். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

கலோரி என்பது சூட்டை அளக்கும் அளவு. அடுப்புக்கு விறகு எப்படியோ, உடம்புக்குச் சாப்பாடு அப்படி. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. கேழ்வரகு மாவில் 320. நம் மல்லாட்டையில் 520-க்கு மேல். எண்ணெயில் 900. இது பொய்க் கணக்கு அல்ல. நம் நாட்டு உணவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அட்டவணை போட்ட வேலை நம் குன்னூரில்தான் நடந்தது. அங்கிருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டாக்டர் அய்க்ராய்ட் 1937-ல் அந்த அட்டவணையை வெளியிட்டார். நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 2017-ல் அங்கிருந்து 528 உணவுகளுக்குப் புது அட்டவணை வந்தது.

ஆனால் ஏழையின் வயிற்றை அளந்து கணக்கு எழுதும் பழக்கம் குன்னூருக்கும் முந்தியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் ராஜதானியைச் சூறையாடியது. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் இங்கே வந்து, நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலியும் கொஞ்சம் சில்லறைக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் 453 கிராம். இன்றைய கணக்கில் அந்தத் தானியம் சுமார் 1600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டும் ஆளுக்கு 1600! சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது உயிர் தரிக்கப் போதாது என்று சண்டை போட்டார். அதன் பிறகுதான் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

வயிற்றின் அளவை யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். டெம்பிள் எழுதினார், கஜானா மிச்சப்பட. 1957-ல் அதே அளவு வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. டில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மகாநாட்டில், தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிடுவது என்று சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அய்க்ராய்ட் சொன்ன 2700 கலோரி, நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகும் விளக்கும். சம்பாதிக்கும் ஆணுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு 0.8, பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 0.6, ஆக மூன்று பங்கு. கிழவன் கிழவிக்குப் பங்கு கிடையாது! 1991-ல் சென்னை ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை இவற்றுக்காக 25 சதம் சேர்க்க வேண்டும் என்றது.

கவனியுங்கள்: கலோரி என்ற எண் நம் கூலிச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எண் குறைந்தால் கூலி குறையும். 2019-ல் மத்திய சர்க்காரின் நிபுணர் கமிட்டி ஒன்று மூன்று பங்கை 3.6 ஆக உயர்த்தியது, அது நல்லது. ஆனால் 2700 கலோரியை 2400 ஆக்கியது. அப்படியும் 2018 ஜூலை விலைவாசிப்படி நாளைக்கு 375 ரூபாய் தேவை என்று சிபார்சு செய்தது. அதே 2019-ல் மத்திய சர்க்கார் அறிவித்த தேசியத் தரைக் கூலியோ 178 ரூபாய். குறைத்த கலோரியை வாங்கக்கூட அந்தக் கூலி பாதிதான்.

இனி செல்போனுக்கு வருவோம். ஹெல்திபைமீ என்ற செயலி 2012-ல் பெங்களூரில் பிறந்தது. அதன் கதையைக் கேட்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். 2011-ல் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கணக்கைத் தாக்கல் செய்தது: நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவன் ஏழையல்ல! அந்த வருஷம் துஷார் வசிஷ்ட், மாட் செரியன் என்ற இரண்டு படித்த வாலிபர்கள், வெளிநாட்டு வாசம் கண்டவர்கள், பெங்களூரில் நாளைக்கு 100 ரூபாயிலும், பிறகு கேரளத்துக் கருகச்சால் கிராமத்தில் 32 ரூபாயிலும் வாழ்ந்து பார்த்தார்கள். எதைத் தின்பது, எது மலிவு என்ற சிந்தனையே பெரும்பொழுதும் அவர்களைத் தின்றது. (நமக்கு இது புதிதா? இருந்தாலும் பட்டுத் தெரிந்துகொண்டார்களே, அதைப் பாராட்டுவோம்.) அந்த வசிஷ்ட்தான் அடுத்த வருஷம் நண்பர்களோடு இந்தச் செயலியைத் தொடங்கினார். வறுமையில் கலோரியை எண்ணிப் பழகியவர் கையிலிருந்து, மிஞ்சிய சதையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கான கருவி வந்தது. காசு இருக்கும் இடத்துக்குத்தானே சரக்குப் போகும்.

இதைத் தொடாதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர் என்ன சாப்பிட்டார் என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டினால் பயன் உண்டு. ஆனால் அந்த மகளுக்கு என்ன நடந்தது?

செயலி முதலில் வயது, எடை, உயரம், வேலை கேட்கிறது. வேலை என்ற இடத்தில் பலர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கேதான் வினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ம் வருஷக் கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து வேலை பார்த்தால் 1660 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2130. கடின உழைப்புக்கு 2720. எடை குறைந்தால் தேவையும் சற்றுக் குறையும்.

கரும்பு வெட்டிக் கட்டுச் சுமக்கும் நம் சகோதரி ஒருத்தியின் சாப்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். காலையில் நூறு கிராம் மாவில் கூழ், 320. இரண்டு வேளைக்கும் சேர்த்து 400 கிராம் ரேஷன் அரிசி, 1400. ஒரு கைப்பிடி மல்லாட்டை, 155. எண்ணெய் 20 கிராம், 180. பருப்பும் காயும் 150. மொத்தம் 2200 சொச்சம். கடின உழைப்புக்கு 500 கலோரி குறைகிறது, அவள் உடம்பு தன்னையே எரித்துக்கொள்கிறது. ஆனால் செயலியில் உட்கார்ந்த வேலை என்று தொட்டிருந்தால், அதே பெண்ணுக்கு 500-க்கு மேல் அதிகம் தின்றுவிட்டாய் என்று சிவப்பு எழுத்து வரும்! எடை குறைய வேண்டும் என்றும் தொட்டிருந்தால் இன்னும் வெட்டும். எட்டு மணி நேரம் மெஷின்களுக்கு இடையே நடந்துகொண்டே இருக்கும் மில் பெண்ணும் ஆபீஸ் நாற்காலிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறாள்.

கலோரி நிறைந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை நிரப்பாது. கீரை, பருப்பு, முட்டை, கருவாடு வேண்டும். இராச் சோற்றை விட்டு வெறும் டீ குடித்துப் படுக்கிற பெண்ணுக்கு எடை குறையலாம். மறுநாள் மெஷின் முன்னால் தலை சுற்றும். அந்தத் தாயார் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தத்தைச் சோதிக்கட்டும். அதுவரைக்கும் இராச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. நாம் எழுதும் கணக்கெல்லாம் கம்பெனியிடம் போகிறது. என்ன தின்கிறோம், என்ன வியாதி, எத்தனை எடை என்பதையெல்லாம் அவன் ஏன் கேட்கிறான், யாருக்குக் கொடுப்பான் என்று பார்த்துத்தான் தொட வேண்டும்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். அடுத்த ஏழு நாளைக்கு இங்கே வந்திருப்பவர்களில் பத்துக் குடும்பங்கள் ஒரு நோட்டில் சாப்பாட்டுக் கணக்கு எழுதட்டும். செல்போனில் எழுதத் தெரிந்தவர்கள் அதிலும் எழுதட்டும், வேலையை உள்ளபடி தொட்டு. யார் எத்தனை மணி நேரம் என்ன வேலை செய்தார், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், என்ன மிஞ்சியிருந்தது, எல்லாம் வரட்டும். எதிரிலேயே கூலியும், அரிசி பருப்பு எண்ணெய்க்குக் கொடுத்த விலையும் இருக்கட்டும். கூலி பேசப் போகும்போது மேஜை மேல் வைக்க நம் கையில் எழுதிய கணக்கு வேண்டும்.

எழுதும்போது கூழ் இரண்டு சொம்பு என்று எழுதாதீர்கள். உங்கள் வீட்டுச் சொம்பு வேறு, அடுத்த வீட்டுச் சொம்பு வேறு. தண்ணீரும் அவரவர் ஊற்றுகிறபடி. மாவு எத்தனை கிராம் போட்டீர்கள், எத்தனை பேர் குடித்தீர்கள் என்று எழுதுங்கள். தராசு இல்லாதவர்கள் ரேஷன் அரிசி வாங்கிய தேதியையும் கிலோவையும், அது தீர்ந்த தேதியையும் குறித்தால் போதும், நாம் வகுத்துக்கொள்வோம்.