சிறு குழந்தைகளின் கண்பார்வை: வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை

(நமது அறக்கட்டளை நடத்திய தாய்மார் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிற மனுக்களில், குழந்தைகளின் கண் சம்பந்தமானவற்றைப் படிக்கும்போது ஒரு வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. "வளர வளரச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்." இன்று நாங்கள் பேச வந்தது இந்த ஒரு வாசகத்தைப் பற்றித்தான். பல் முளைப்பது தாமதமானால் காத்திருக்கலாம். நடப்பது ஒரு மாதம் பிந்தினாலும் காத்திருக்கலாம். கண் காத்திருக்காது.

ஏன் என்று கேட்பீர்கள். பெரியவர் ஒருவருக்குக் கண்புரை வந்தால், பேரன் கல்யாணம் முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் அவருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. புரையுடன் பிறந்த குழந்தைக்கு அந்த வசதி இல்லை. பார்ப்பது கண் மட்டும் செய்கிற வேலையல்ல, மூளையும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் படிப்பு பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிவான காட்சி வராவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை வைத்தே காரியத்தை நடத்திக்கொள்ளும். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து இதை நிரூபித்த ஹூபெல், வீசெல் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால்தான் பிறவிக் கண்புரைக்கு முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால் நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். நம் வீடுகளில் நாற்பது நாள் கழிவதற்குள் பிள்ளையை வாசலுக்கே கொண்டுவருவதில்லை. நாற்பதைப் பேணுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போக அது தடையாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. கைக்குழந்தை "எனக்குத் தெரியவில்லை உம்மா" என்று சொல்லாது. பேசத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கவனிக்க வேண்டியவர்கள் தூக்கி வளர்க்கிற உம்மாவும் பாட்டியும் சாச்சியும்தான்.

இரண்டு மாதம் ஆகும்போது குழந்தை உங்கள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில், குரல் கொடுக்காமல் ஒரு சிவப்புப் பொம்மையை மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்தினால் கண் பின்தொடர வேண்டும். குரல் கொடுக்காமல் என்பதைக் கவனியுங்கள். கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டு "பார்க்கிறானே" என்று சந்தோஷப்படுகிறோம், அது காதுக்கு வைத்த பரீட்சை. ஆறு மாதத்தில் எதிரே இருக்கிற பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும். கண்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தாலோ, பிள்ளை தன் விரலால் கண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாலோ நாள் கடத்தாதீர்கள்.

மாறுகண் விஷயத்துக்கு வருவோம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இந்தப் பேச்சு எத்தனை பிள்ளைகளின் ஒரு கண்ணைக் கெடுத்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். முதல் மூன்று நான்கு மாதங்கள் கண் இடையிடையே விலகுவது சகஜம். அதற்குப் பிறகும் விலகினால் அது நோய். விலகிய கண்ணைத்தான் மூளை கைவிடுகிறது. சோம்பேறிக் கண் என்பது இதுதான். மாறுகண் இல்லாமலே, ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருப்பதாலும் இது வரும். அப்போது வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் உள்ளங்கையால் அதன் வலது கண்ணை மறையுங்கள். பிறகு இடது கண்ணை மறையுங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கவலையில்லை. வலது கண்ணை மறைக்கும்போது சும்மா இருந்துவிட்டு, இடது கண்ணை மறைத்ததும் அழுது, கையைத் தட்டிவிட்டால், அதன் வலது கண் சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டும். நல்ல கண்ணை மறைத்ததால்தான் அழுகிறது. ஒரு தரம் அழுதால் குறும்பாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று நாள் செய்து பாருங்கள். இதில் தேறிவிட்டால் டாக்டரே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சை பெரிய செலவில்லை. பெரும்பாலும் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மூடிவைத்துச் சோம்பேறிக் கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் நல்ல பலன், பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வருமா என்று கேட்கிற பெரியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டும் பெண் பார்க்க வரச் சொல்லலாம். போன பார்வையை எங்கே போய் வாங்குவது?

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்டது. கண்ணின் கருமணியில் வெள்ளையாக, பூனைக்கண் போல ஒரு மினுமினுப்பு தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். முத்தின் வெண்மையைப் பார்த்தே விலை சொன்னவர்கள் வாழ்ந்த கரை இது. கண்மணிக்குள் தெரிகிற வெண்மை முத்தல்ல. அது கண்புரையாக இருக்கலாம், அல்லது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிற நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். முற்றிவிட்டால் உயிருக்காகக் கண்ணை எடுக்க வேண்டிவரும். அந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறி, நாட்டு வைத்தியம், ஓதிப் பார்த்தல் என்று மாதங்களைக் கழித்துவிடுகின்றன. துஆ செய்யுங்கள், மருத்துவமனைக்குப் போகிற வழியிலும் செய்யலாம்.

சவூதியிலும் துபாயிலும் இருக்கிற வாப்பாமார்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்களுக்கு வருகிற போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சிவப்பாகத் தெரிய வேண்டும். படத்துக்குப் படம் ஒரே கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

பெரிய கண்ணும் அப்படித்தான். "என்ன அழகு, மான் கண்" என்று மெச்சிவிட்டுக் கண்ணேறு படாமலிருக்க ஓதி ஊதுகிறோம். கருவிழி பெரிதாக இருப்பதோடு கண்ணில் நீர் வழிந்து, வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளை முகத்தைப் புதைத்துக்கொண்டால், அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற பிறவி கிளாகோமாவாக இருக்கலாம். இரத்த உறவில் திருமணம் செய்கிற குடும்பங்களில் இதுவும் சில விழித்திரை நோய்களும் கூடுதலாக வருகின்றன. மாமி மகனுக்கும் சாச்சா மகனுக்கும் பெண் கொடுப்பது நம்மிடம் வழக்கம். கொடுத்தாகிவிட்டது, இனி பயப்பட்டு ஆவதில்லை. பிறக்கிற பிள்ளையின் கண்ணை முதல் மாதங்களிலேயே காட்டிவிடுங்கள்.

குறைமாதப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்திருந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகவும் முந்திப் பிறந்தால் அதற்கும் முன்னதாகவே. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளை பிழைத்து வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே "கண் பரிசோதனை எந்தத் தேதி?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுர்மா பற்றிச் சிலர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நபிகளார் (ஸல்) அவர்கள் இஸ்மித் இட்டது ஹதீஸ்களில் உண்டு, அதில் பேச்சில்லை. இஸ்மித் என்பது அஞ்சனக்கல். இன்று சுர்மா என்று டப்பாவில் விற்கப்படுபவை பலவற்றில் இருப்பது காரீயம். இதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவில் அதை விற்கவே அனுமதியில்லை. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கைக்குழந்தையின் கண்ணில் எதுவும் இட வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம், பச்சிலைச் சாறும் வேண்டாம்.

விட்டமின் ஏ சொட்டு மருந்தை ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மாலைக்கண் வராமல் அது காக்கும். தவறவிடாதீர்கள்.

எங்கே காட்டுவது? ஆர்.பி.எஸ்.கே. என்கிற சிறார் நலத் திட்டம் 2013இல் வந்தது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது, கண் உட்பட. நம்மில் பலர் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்புவதைக் கௌரவக் குறைவாக நினைப்பதால், அந்த டாக்டர்கள் நம் பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. படிக்க அனுப்பாவிட்டாலும் டாக்டர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு தூக்கிப் போங்கள். நம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள்.

போக்குவரத்துச் செலவுக்கும் கண்ணாடிச் செலவுக்கும் வழியில்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், நாங்களே எழுதிக்கொள்கிறோம். வரும்போது தடுப்பூசி அட்டையையும், குறைமாதப் பிள்ளையானால் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்து வாருங்கள். கண்ணில் வெள்ளை தெரிந்த போட்டோ எதுவும் போனில் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.