தோழியின் கடமை



ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த இரு பெண்கள். பள்ளிக்குச் சேர்ந்தே போனார்கள். பெரியவர்களானதும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் சீவினார்கள். பிறகு ஒருத்தியின் மனத்தில் ஓர் இளைஞன் இடம் பிடித்தான். மாலைப் பேச்சு குறைந்தது. "அம்மா கேட்டால், உன்னோடு இருந்ததாகச் சொல்" என்ற வேண்டுகோள் மட்டும் வந்தது. மற்றவள் என்ன செய்வாள்? இத்தகைய நிலையை நாம் தோட்டங்களில் பலமுறை கண்டிருக்கிறோம்.

பொறாமையால் விலகுவாரும் உண்டு. பொய்க்குத் துணைபோவாரும் உண்டு. இரண்டினாலும் நட்புக்குக் கேடுதான். நம் பழைய இலக்கியம் இதற்கு நல்ல வழி காட்டுகிறது.

சங்க அகப்பாடல்களில் காதலர் சந்திக்கத் தோழி துணை நிற்கிறாள். ஆனால், களவு நீண்டுகொண்டே போக அவள் விடுவதில்லை. விரைவில் மணந்துகொள்ளும்படி தலைவனை நெருக்குகிறாள். இதனை வரைவு கடாதல் என்பர். தலைவி வாடி மெலியும்போது, செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துச் சொல்கிறாள். இது அறத்தொடு நிற்றல். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலிக்குச் சொல்வதாகவே அமைந்துள்ளன. அவள் காதலையும் காத்தாள். தலைவியின் மானத்தையும் காத்தாள்.

இன்றைய தோழியும் இதைச் செய்யலாம். "அவர் வீட்டுக்குத் தெரியுமா? திருமணத்தைப் பதிவு செய்வாரா?" என்று கேட்கட்டும். மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். மனைவி இருக்கையில் ஒருவர் மற்றொருத்தியை மணக்க முடியாது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், பின்னாளில் உரிமைக்காக அலைய நேரிடலாம். இந்தக் கேள்விகள் அப்போது கசக்கும். கேட்டவள்மீது கோபமும் வரும். அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொள்பவளே தோழி.

காதலிப்பவளுக்கும் கடமை உண்டு. கணவன் வந்தான் என்பதற்காகக் கூட வளர்ந்தவளை மறக்கலாகாது. வேறு தோட்டத்துக்கோ பட்டணத்துக்கோ வாழப் போனாலும், தீபாவளிக்கு ஒரு முறையாவது அவள் வாசலை மிதியுங்கள். பேறுகாலத்திலும் துக்கத்திலும் கணவனிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருத்தி வேண்டும். வயது ஏற ஏற அவள் அருமை விளங்கும்.

திருமணப் பதிவின்போது சாட்சிகள் இருவர் வேண்டும். கசப்பான கேள்வியைக் கேட்டவளையே ஒரு சாட்சியாக அழையுங்கள், நேயர்களே.