நாணயமும் பெயர் அட்டையும்



கைபேசியில் விளையாடும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகை வேண்டுகோள் எழுவதை நாம் அறிவோம். ஆட்டத்தை வாங்கித் தருமாறு பிள்ளை கேட்பதில்லை. ஆட்டம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தினுள் ஓடியாடும் உருவத்திற்கு ஒரு சட்டை வேண்டும், ஒரு தொப்பி வேண்டும் என்றுதான் பணம் கேட்கிறது. தொட்டுப் பார்க்க இயலாத சட்டைக்கு உழைத்து ஈட்டிய பொருளைக் கொடுப்பதா என்று பெற்றோர் திகைக்கின்றனர். அத்திகைப்பு நியாயமானதே. ஆனால் இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. இதன் வேர்களுள் ஒன்று ஜப்பான் நாட்டு ஆட்ட நிலையங்களில், நாணயம் போட்டு ஆடும் சண்டை ஆட்டங்களில் இருக்கிறது. அவ்வேரைச் சற்றே தோண்டிப் பார்ப்பதே இன்று நம் நோக்கம்.

ஜப்பானியர் 'கேம் சென்டர்' என வழங்கும் இந்நிலையங்கள் பெருகியது 1978 ஆம் ஆண்டில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்ட பின்னரேயாம். பெட்டிக்குள் 100 யென் நாணயம் ஒன்றைப் போட்டால் ஓர் ஆட்டம். அக்காலத்தில் ஆடுபவனுக்குப் பெயர் கிடையாது. அதிக எண்ணிக்கை பெற்றவனுக்குத் திரையில் மூன்று எழுத்துக்களைப் பொறிக்கும் உரிமை சிறிது பின்னர் வந்தது. 1979 இல் வெளிவந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' என்ற அமெரிக்க ஆட்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடநாட்டு அலுவலகங்களில் தந்தை பெயரின் முதலெழுத்தை விரித்தெழுதச் சொல்லி நம்மைத் தொல்லைப்படுத்துகிறார்களே, அத்தொல்லை அங்கே இல்லை, முதலெழுத்துக்களே முழுப்பெயர். ஆனால் இரவில் மின்சாரத்தை நிறுத்தினால் பல பெட்டிகளில் அவ்வெழுத்துக்களும் அழிந்துபோகும். மறுநாட் காலையில் எல்லோரும் மீண்டும் பெயரற்றவரே.

1991 இல் கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தது. அதுவரை மனிதன் இயந்திரத்தோடு ஆடினான்; இனி மனிதன் மனிதனோடு மோதுவதே ஆட்டத்தின் உயிராயிற்று. அவ்வாட்டத்தின் முதற் பதிப்பில் இருவரும் ஒரே வீரனைத் தேர்ந்துகொள்ள இயலாது. ஒருவர் ரியூ என்னும் வீரனை எடுத்துக்கொண்டால் மற்றவர் வேறொருவனைத்தான் நாட வேண்டும். 1992 இல் வந்த 'சாம்பியன் எடிஷன்' என்ற திருத்தப் பதிப்பு இத்தடையை நீக்கிற்று. உடனே ஒரு சிக்கல் எழுந்தது: திரையில் இரண்டு ரியூக்கள் நின்றால் நம் ரியூ எவன்? அதற்காக இரண்டாமவனுக்கு வேறு நிற உடை அளித்தார்கள். இன்று கோடிக்கணக்கில் பொருள் புரளும் உடை வாணிகத்திற்குப் பிள்ளையார் சுழி, 'நான் எவன்' என்று ஆடுபவன் குழம்பாதிருக்கச் செய்த இத்தகைய எளிய ஏற்பாடுகளே.

நம் தெருக்கூத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. துரியோதனன் வேடம் கட்டுபவர் எவராயினும் கிரீடமும் புஜகீர்த்தியும் துரியோதனனுக்கு உரியவையே. வேடம் பாத்திரத்தை அறிவிக்கும். உள்ளிருக்கும் மனிதனை மறைக்கும். ஜப்பானிய ஆட்டங்களிலோ நாளடைவில் உடை, உள்ளே ஆடுகின்ற மனிதனை அறிவிக்கும் அடையாளமாக மாறிற்று. அம்மாற்றத்தை முழுமையாக்கியது ஓர் அட்டை.

அட்டையின் கதைக்கு முன் நாணயத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி இணைப்பார்கள். எதிரி மறுபக்கத்தில் அமர்ந்திருப்பான், முகம் தெரியாது. தோற்றவன் எழுந்து போகவேண்டும், அல்லது மறுபடியும் 100 யென் போடவேண்டும். வென்றவன் அதே நாணயத்தில் தொடர்ந்து ஆடுவான். வல்லவன் ஒருவன் அமர்ந்துவிட்டால் ஒரு நாணயத்தில் ஒரு மாலைப் பொழுதையே கழிக்கலாம். புதிதாக வந்தவனோ ஒரு நிமிடத்தில் அடிபட்டுக் காசிழந்து எழுவான். இரண்டு நாள் இவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் நாள் அவன் ஏன் வருவான்?

நிலைய உரிமையாளருக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு. ஜப்பான் அரசு 1989 இல் 3 விழுக்காடு நுகர்வு வரி விதித்தது. 1997 இல் அது 5 ஆயிற்று, 2014 இல் 8 ஆயிற்று, 2019 இல் 10 ஆயிற்று. கடைக்காரர் அரிசி விலையில் வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியின் துளையோ 100 யென் நாணயத்தை மட்டுமே விழுங்கும். 103 யென்னோ 110 யென்னோ வாங்க அதற்கு வழி இல்லை. 1978 இல் வாங்கிய அதே நாணயத்தையே தலைமுறை கடந்தும் வாங்கவேண்டிய நிலை. வாடகையும் மின்கட்டணமும் பெட்டியின் விலையும் அப்படியே நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நாணயத் துளை வழியாக அன்றி வேறு வழியாக வருவாய் தேட வேண்டிய கட்டாயம் இத்தொழிலுக்கு இருந்தது.

இந்நிலையில்தான் சேகா நிறுவனம் 2001 இல் 'வர்ச்சுவா ஃபைட்டர் 4' என்ற ஆட்டத்தை நிலையங்களுக்கு அனுப்பிற்று. 1993 இல் சுசுகி யூ என்பாரின் தலைமையில் முதல் 'வர்ச்சுவா ஃபைட்டர்' வெளிவந்து, முப்பரிமாண உருவங்கள் மோதும் சண்டை ஆட்ட வகையைத் தொடங்கி வைத்திருந்தது. நான்காம் ஆட்டத்தின் புதுமை திரையில் மட்டும் இல்லை. ஆடுபவர் ஓர் அட்டையை விலைக்கு வாங்கிப் பெட்டியில் செருகலாம். 1999 இல் ஜப்பானில் தொடங்கப்பெற்ற 'ஐ-மோட்' சேவையினால் கைபேசியிலேயே வலைத்தளங்களைக் காணும் வசதி அங்கே பரவியிருந்தது. அந்தக் கைபேசி வழியே 'வி.எஃப். நெட்' என்னும் சேவையில் சேர்ந்தால், தம் வீரனுக்கு ஒரு பெயர் சூட்டலாம். வெற்றி தோல்விகளின் கணக்கைப் பார்க்கலாம். ஆடிப் பெற்ற மூக்குக் கண்ணாடி, தொப்பி முதலியவற்றை அணிவிக்கலாம். மதுவருந்தியபடியே சண்டையிடும் ஷுன் டி என்ற கிழவனார் ஒருவர் அவ்வாட்டத்தில் உண்டு. அவரைத் தேர்ந்தவர்கள் ஆயிரம் பேராயினும், அவர்களுள் ஒருவருடைய கிழவனார் இனி மற்றொருவருடைய கிழவனாராக இருக்கவேண்டியதில்லை.

அட்டை தந்த இன்னொரு பொருள் படிநிலை. தொடக்கத்தில் பத்தாம் க்யூ, ஒன்பதாம் க்யூ என இறங்குவரிசையில் ஏறிப் பின்னர் முதல் டான், இரண்டாம் டான் என மேற்செல்லும் முறை அது. இதை ஆட்ட நிறுவனத்தார் புதிதாகக் கற்பித்தாரில்லர். 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் பல நூற்றாண்டுகளாக ஜப்பானில் வழங்கிய தரவரிசையை, ஜூடோவின் தந்தையாகிய கானோ ஜிகோரோ 1883 இல் தம் மாணவர்க்கு அளித்தார். அங்கிருந்து அது பிற தற்காப்புக் கலைகளுக்கும் பரவிற்று. பழமையான குருகுலத்தின் பட்டம் ஒன்று பெட்டிக்கடையளவு இடத்தில் நின்று நாணயம் போடும் இளைஞனுக்கும் கிடைத்தது என்பதை எண்ணினால், அட்டைக்கு இருந்த கவர்ச்சி நமக்குப் புலனாகும். ஒருநாள் முழுதும் யாரோ ஒருவரின் அலுவலகத்தில் பெயரின்றி உழைத்துவிட்டு மாலையில் இங்கே வந்தால் அவன் நான்காம் டான். மறுபுறம் அமர்ந்தவனும் அதைக் கண்டு நிமிர்ந்து உட்காருவான்.

நாம்கோ நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1994 இல் தொடங்கிய அதன் 'டெக்கன்' வரிசையில், 2004 இல் வந்த ஐந்தாம் ஆட்டம் அட்டையையும் உடை மாற்றத்தையும் ஏற்றது. போரிட்டு வென்றால் ஆட்டப் பணம் சேரும். அதைக்கொண்டு அணிகள் வாங்கலாம். 2007 இல் வந்த 'டெக்கன் 6' ஒரு படி மேலே சென்று, சில அணிகளுக்குத் தனித் தாக்குதல் ஒன்றையும் இணைத்தது. இதனை நாம் அவ்வளவாக மெச்சுவதற்கில்லை. உடை உடையாக இருக்கும் வரையில் அது ரசனை. அதுவே கைவாளானால் ஆட்டத்தின் நடுநிலை ஐயத்திற்கு இடமாகிறது. நல்லவேளையாக அத்தாக்குதல்களுட் பெரும்பாலானவை வேடிக்கைக்கு உதவினவேயன்றி வல்லவர் எவரையும் வீழ்த்தும் அளவுக்கு வலிமை பெற்றிருக்கவில்லை.

அட்டையால் விளைந்த கேடுகளும் உண்டு. படிநிலை வெளிப்படையாகத் தெரிந்தபின், ஏறிய படியிலிருந்து இறங்கிவிடுவோமோ என்ற அச்சமும் உடன் வந்தது. மேலும், தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் இரண்டாவது அட்டை ஒன்றை வாங்கிக் கீழ்ப்படியிலிருந்து புதியவர் போல் நுழைந்து, உண்மையிலேயே புதியவரானவர்களை அடித்து நொறுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'கற்றுக்குட்டி வேட்டை' என்று பொருள்படும். புதியவனைக் காப்பாற்ற உதவியிருக்க வேண்டிய படிநிலை அவனை வேட்டையாடும் முகமூடியாகவும் பயன்பட்டது. அட்டை விற்றவருக்கு இரண்டாவது அட்டையும் வருவாய்தானே! இதைத் தடுக்க அவர்களுக்கு அவசரம் மிகுதியாக இருந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை.

தொடக்க கால அட்டைகள் பலவும் காந்தப் பட்டை உடையவை. ஆட்டத்துக்கு ஆட்டம் வெவ்வேறு. மலைப்பாதைக் கார்ப் பந்தய ஆட்டமாகிய 'இனிஷியல் டி'யின் முற்காலப் பதிப்புகளில் ஓர் அட்டையை 50 முறை பயன்படுத்தலாம். பின்னர் புதிது வாங்கிக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பிற்பாடு, டில்லியில் மெட்ரோ ரயிலுக்கு நாம் தொட்டுச் செல்லும் அட்டையைப் போன்ற மின்சில்லு அட்டைகள் வந்தன. கணக்கு அட்டையில் இல்லாமல் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும். அட்டை வெறும் சாவி. சேகாவுக்கு 'ஐமே', நாம்கோவின் வழிவந்த பண்டாய் நாம்கோவுக்கு 'பனபாஸ்போர்ட்', கொனாமிக்கு 'இ-அம்யூஸ்மென்ட்' என ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஆட்டப் பிரியர் ஒருவரின் பையில் மூன்று நான்கு அட்டைகள் இருப்பது வழக்கமாயிற்று. 2018 இல் இந்நிறுவனங்கள் உடன்பாடு செய்து, ஒரே அட்டை எல்லாப் பெட்டிகளிலும் செல்லும் வகை செய்தன.

இம்மாற்றத்தால் நன்மை உண்டு. அட்டை தொலைந்தாலும், முன்னரே பதிவு செய்து வைத்தவர் தம் கணக்கை இழப்பதில்லை. ஆனால் நாம் கருதிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று இதில் மறைந்திருக்கிறது. அட்டைக்குப் பணம் கொடுத்தவர் ஆடுபவர். மாதந்தோறும் சந்தா செலுத்தியவர் அவர். ஓராயிரம் முறை நாணயம் போட்டுப் படி ஏறியவரும் அவரே. ஆயினும் பெயரும் படியும் உடையும் இருக்கும் ஏடு அவர் கையில் இல்லை. நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்தும் நாளில் அட்டை வெறும் பிளாஸ்டிக் துண்டாகிறது. 2001 ஆம் ஆண்டு ஆட்டத்தின் கைபேசிச் சேவை இன்று இல்லை. அதில் ஏழாம் டான் பெற்றவர் அதனைக் காட்ட விரும்பினால் காட்டுவதற்கு ஏடு இல்லை. கூட இருந்து பார்த்தவர் எவரேனும் சாட்சி சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றால் அழிந்த மூன்றெழுத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அது ஓர் இரவில் அழிந்தது, இது சில ஆண்டுகளில் அழிகிறது என்பதே. மூன்றெழுத்துக்கு எவரும் சந்தா வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் வாழ்கிற நமக்கு இது முற்றிலும் அயலான துன்பமன்று. ஓர் ஊரில் பத்தாண்டு பழகிச் சேர்த்த பெயர், வீடு மாறி அடுத்த ஊருக்குச் சென்றதும் செல்லாக்காசாவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். ஆயினும் அந்தப் பெயரை நமக்குத் தந்தவர்கள் அண்டை வீட்டார். அதற்கு அவர்கள் கட்டணம் கேட்டதில்லை.

நிலையங்களின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். வீட்டிலேயே வலையிணைப்பின் மூலம் எவரோடும் மோதலாம் என்றான பின், நாணயம் போடச் செல்வோர் குறைந்தனர். பெருந்தொற்று எஞ்சியவர்களையும் வீட்டில் அடைத்தது. சேகா 2020 இல் தன் நிலையங்களை நடத்திய நிறுவனத்தின் 85.1 விழுக்காட்டுப் பங்குகளை ஜென்டா என்ற நிறுவனத்துக்கு விற்றது. 2022 இல் எஞ்சியதையும் விற்றது. சேகா என்ற பெயர்ப் பலகைகள் இறக்கப்பட்டு 'கிகோ' என்ற பெயர் ஏற்றப்பட்டது. இன்று இத்தகைய நிலையங்களின் தரைத்தளங்களில் மிகுதியும் காண்பவை, இரும்புக் கைகளால் பொம்மைகளைத் தூக்கிப் பார்க்கும் பெட்டிகளே.

டெக்கன் வரிசையின் எட்டாம் ஆட்டம் 2024 சனவரியில் வெளிவந்தபோது, நாணயப் பெட்டிப் பதிப்பு ஒன்று இல்லாமலே நேரே வீடுகளுக்கு வந்தது. ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கிய ஏறத்தாழ ஒரு மாதத்தில், பிப்ரவரி இறுதியில், அதனுள் ஒரு கடை திறக்கப்பட்டது. உண்மைப் பணம் கொடுத்து வாங்கவேண்டிய உடைகள் அங்கே தொங்கின. ஆட்டக்காரர் பலர் வெகுண்டனர். முன்பு ஆடிச் சேர்த்த ஆட்டப் பணத்தால் அணிந்தவற்றை இப்போது கடையில் ஏன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இவ்வளவு பெரிய ஆட்டத்தை ஆக்குவதற்கும் தொடர்ந்து பேணுவதற்கும் ஆகும் செலவு பெரிது என்பது ஆக்கியோர் தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் அட்டை முறையின் நல்ல காலத்தில் தொப்பி என்பது ஆடியதற்குச் சான்றாக இருந்தது. கடையில் வாங்கிய தொப்பி, வாங்கியதற்கு மட்டுமே சான்று. அந்த இளைஞர்களின் சினத்தில் நமக்கு அனுதாபம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை தொப்பி கேட்கும்போது, அது ஆடிப் பெறக்கூடியதா, காசுக்கு மட்டும் கிடைப்பதா என்று முதலில் வினவுவது நன்று. பிள்ளைக்கே விடை நன்கு தெரியும்.

அதே எட்டாம் ஆட்டத்தில் 'ஆர்கேட் குவெஸ்ட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆடுபவர் தமக்கென ஒரு சிறு உருவத்தை அமைத்து, அதற்கு விரும்பிய உடை உடுத்தி, திரைக்குள் கட்டப்பட்ட கற்பனை ஆட்ட நிலையங்களில் உலவலாம். அங்கே பெட்டிகள் இருக்கின்றன, அவற்றின் முன் ஆட்டக்காரர் கூட்டம் இருக்கிறது, படிநிலை ஏறும் போட்டிகளும் இருக்கின்றன. டெக்கனை ஈன்று வளர்த்த நிலையம், இப்போது டெக்கனுக்குள் ஒரு காட்சியாகக் குடியேறியிருக்கிறது.