விம்மில் பில்டர்: பட்டியலை வடிகட்டும் முன் ஒரு காப்பி

இன்னைக்கு விம் எடிட்டர் பத்திப் பேசலாம். பிராம் மூலேனார் 1991-ல் வெளியிட்டது. அதுக்குள்ளேயே விம்ஸ்கிரிப்ட்னு ஒரு மொழி இருக்கு. அதில் லிஸ்ட்டை வடிகட்ட உதவுவது ‘பில்டர்’ ஃபங்ஷன். அதில் நான் சூடுபட்ட கதை இது.

அப்பா கடையின் கடன் கணக்கை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வெச்சிருந்தேன். ஆளுக்கு ஒரு வரி. பணம் கட்டியவர் வரியின் கடைசியில் ‘வரவு’ன்னு இருக்கும். ‘ரீட்ஃபைல்’ போட்டுப் படிச்சா, ஒவ்வொரு வரியும் லிஸ்ட்டில் ஒரு உறுப்பா வந்துடும். அதில் கட்டாதவர்களை மட்டும் பில்டர் செய்து ‘பாக்கி’ங்கிற மாறியில் வாங்கினேன். அப்புறம் முழு லிஸ்ட்டோட தலையில் தேதியைச் சேர்த்து, ‘ரைட்ஃபைல்’ போட்டு அதே ஃபைலில் எழுதினேன். பிழைச்செய்தி எதுவும் வரலை.

ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர், “போன வாரம் கட்டினேனே, வரவு வெச்சாச்சா அண்ணே?”ன்னு கேட்டார். தேடினா, அவர் பேரே இல்லை. “கட்டினவனைக் காணோம், கட்டாதவன் பத்திரமா இருக்கான்!”னார் அப்பா. ரைட்ஃபைல் நேராக டிஸ்க்கில் எழுதுவதால், ‘அன்டூ’வும் கைகொடுக்கலை. பழைய நோட்டுதான் காப்பாத்துச்சு.

நடந்தது என்னன்னா, விம்மின் பில்டர் புது லிஸ்ட் தருவதில்லை. கொடுத்த லிஸ்ட்டிலேயே வேண்டாததை நீக்கிவிட்டு, அதையேதான் திருப்பித் தரும். ‘பாக்கி’யும் முழு லிஸ்ட்டும் ஒரே பொருளுக்கு ரெண்டு பேர், அவ்வளவுதான். தீர்வு சுலபம்: லிஸ்ட்டை முதலில் ‘காப்பி’ ஃபங்ஷனுக்குக் கொடுங்க, வருவதை பில்டருக்குக் கொடுங்க. லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்து, உள்ளே இருப்பதையும் மாற்றப் போறீங்கன்னா ‘டீப்காப்பி’ வேணும்.

இன்னொரு குழி. 2016-ல் வந்த விம் 8-ல் லாம்டா எழுதலாம். ஆனா பில்டர் அதுக்கு முதலில் தருவது வரிசை எண், ரெண்டாவதுதான் மதிப்பு. ஒரே ஒரு மாறி வெச்சு எழுதினா, அதில் வரிசை எண்தான் வரும். இதுக்கும் பிழைச்செய்தி வராது.

இதெல்லாம் விம்மின் உதவிப் பக்கத்திலேயே இருக்கு, நான்தான் படிக்கலை. நீங்க ஃபைலில் திருப்பி எழுதும் முன், லிஸ்ட்டோட நீளத்தை ‘லென்’ போட்டு ஒரு தடவை பாருங்க.