பனிப்போரா, கெடுபிடிப் போரா? ஜொகூர்த் தோட்டங்கள் கண்ட வல்லரசுப் போட்டி



மொழியைப் பற்றிப் பேசும் இவ்வவையில் வரலாற்றை எடுத்துக்கொள்வதற்கு ஒரு சொல்லே காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா தலைமையிலான முதலாளித்துவ அணியும் சோவியத் ஒன்றியம் தலைமையிலான பொதுவுடைமை அணியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிரே நின்றன. நேருக்கு நேர் மோதாத அந்தப் பகைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரை, 1947இல் வால்டர் லிப்மன் எழுதிய நூல் உலகறியச் செய்தது. தமிழில் அதைப் 'பனிப்போர்' என்றோம். நம் பாடநூல்களிலும் அச்சொல்லே நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழரோ அதற்குக் 'கெடுபிடி யுத்தம்' என்று பெயரிட்டனர்.

இவ்விரண்டில் எது பொருந்தும்? வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் இருந்து பார்த்தால் பனிப்போர் என்பது பொருந்தலாம். அங்கே குண்டு வெடிக்கவில்லை. செகாமட்டிலும் லாபிசிலும் கூலாயிலும் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் இடத்திலிருந்து பார்த்தால், கெடுபிடி என்ற சொல்லே உண்மைக்கு அருகில் நிற்கிறது. இரு பக்கத்திலிருந்தும் அவர்கள் நெருக்கப்பட்டார்கள். அந்த நெருக்கடியில் அவர்களுடைய சொந்தக் கேள்வி ஒன்று அமுங்கிப்போனது. அக்கேள்வியை மீட்டெடுப்பதே என் உரையின் நோக்கம்.

அக்கேள்வி எது? அது வல்லரசுப் போட்டிக்கு முந்தியது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருவேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் இதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பவர்கள் நீக்கப்பட வேண்டும். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவையே அவர்களின் கோரிக்கைகள். இவற்றில் மார்க்சும் இல்லை, மாஸ்கோவும் இல்லை. மானமும் கூலியுமே இருந்தன. பிரிட்டிஷ் அரசு படையை அனுப்பியது; தொழிலாளர்கள் உயிரிழந்தனர்; நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் அதே கோரிக்கைகள் மீண்டும் எழுந்தன. இம்முறை அவற்றை ஏந்திச் சென்றது அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கு அதில் வலுவாக இருந்தது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, இந்தியத் தேசிய இராணுவத்தில் பணியாற்றிய எஸ். ஏ. கணபதி அதன் தலைவரானார். மறுபுறம், இலண்டனில் ஆட்சிக்கு வந்திருந்த தொழிற்கட்சி அரசு, ஜான் பிரேசியர் என்னும் இரயில்வே தொழிற்சங்கவாதியை ஆலோசகராக மலாயாவுக்கு அனுப்பியது. அரசியல் கலவாத சங்கங்களை வளர்ப்பதே அவர் பணி. ஆக, தோட்டத் தொழிலாளர் ஒருவர் சங்கத்தில் சேர்ந்தாலே அவர் எந்த அணி என்ற கேள்வி எழும் நிலை 1948க்கு முன்பே உருவாகிவிட்டது.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை ஜொகூர் மாணவர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். அம்மாதத்தின் முதல் நாளில், செகாமட் அருகே ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோரைக் காவல்துறை கலைக்க முற்பட்டபோது தொழிலாளர்கள் மாண்டனர். அதே காலத்தில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சங்கத்தின் பொறுப்பாளர் அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உடையவராக இருக்க வேண்டும். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் இணையக்கூடாது. இவ்விரு விதிகளால் அகில மலாயாச் சம்மேளனம் பதிவை இழந்தது. சில நாள்களில், ஜூன் 16ஆம் நாள், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18இல் அவசரகாலம் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

'அவசரகாலம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். பன்னிரண்டு ஆண்டு நீடித்த போருக்குப் போர் என்ற பெயரே கிடைக்கவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போகும் என்ற அச்சமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காட்டிலிருந்தவர்களை அரசு முதலில் 'கொள்ளையர்' என்றது. 1952இல் அதை மாற்றிக் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று அழைக்க ஆணையிட்டது. அவர்களோ தம் படையை 1949 முதல் 'மலாயா இன மக்கள் விடுதலைப் படை' என்றனர். இரு தரப்பும் துப்பாக்கிக்கு நிகராகச் சொற்களையும் ஏந்தின.

இவ்வளவு கடுமை எதற்காக? மலாயாவின் ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தன. போரினால் நொடிந்திருந்த பிரிட்டன் அந்த வருவாயை இழக்க இயலாத நிலையில் இருந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டது. வல்லரசுகள் ரப்பரைச் சேமித்து வைக்க முந்தின. 1949இல் ஏறத்தாழ 40 காசுக்கு விற்ற ஓர் இராத்தல் ரப்பர், 1951இன் தொடக்கத்தில் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் அவை சீனாவுக்குப் போர்த்துறைப் பொருள்கள் செல்வதைத் தடை செய்யக் கோரியபோது, மலாயா ரப்பருக்கும் சீனச் சந்தை அடைபட்டது. இலங்கை மட்டும் 1952இல் சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்ற உடன்படிக்கை செய்துகொண்டது. விடியற்காலையில் தமிழர் வடித்த பால், கோப்பையிலிருந்து இறங்குமுன்பே உலக அரசியலுக்குள் நுழைந்துவிட்டது.

இனித் தோட்டத்துக்குள் வருவோம். பிரிக்ஸ் திட்டம் எனப்படும் மறுகுடியேற்றத் திட்டம் 1950 ஜூன் முதல் நாள் ஜொகூரில்தான் தொடங்கப்பட்டது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், நாடெங்கும் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்களிலோ, சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. விடிகாலையில் பிரட்டு முடிந்து வெட்டுக்காட்டுக்குப் போகுமுன் வாயிலில் சோதனை நடந்தது. போராளிகளின் கைக்குப் போய்விடும் என்று காட்டுக்குள் உணவு கொண்டுசெல்லத் தடை இருந்தது. கடையில் விற்கும் உணவு டின்களைத் துளையிட்டே கொடுத்தனர். அரிசி அளந்து தரப்பட்டது. ஜொகூரின் சில பகுதிகளில் அரிசியையே தராமல் பொது அடுப்பில் வடித்த சோற்றை வழங்கிய காலமும் உண்டு. இன்று நம் ஒவ்வொருவரிடமும் இருக்கும் அடையாள அட்டையும் 1948இல் இக்கட்டுப்பாடுகளுள் ஒன்றாகவே பிறந்தது.

மறுபக்கத்தின் கெடுபிடியும் சிறிதன்று. காட்டிலிருந்து வந்தவர்கள் சந்தாவும் உணவும் கேட்டனர். ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தனர். மரம் வீழ்ந்தால் முதலில் வேலை இழப்பவர் தொழிலாளரே. தகவல் சொன்னவர் என்று ஐயுற்றவரைக் கொன்றனர். மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் காவல் நிலையம் 1950 பிப்ரவரி 23இல் தாக்கப்பட்டு, மலாய்க் காவலர்களும் அவர்தம் குடும்பத்தினரும் மாண்டதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பொதுமக்களைத் துன்புறுத்தும் செயல்களைக் கைவிட வேண்டும் என்று கட்சியே 1951 அக்டோபரில் அறிவுறுத்த நேர்ந்தது. அரிசி கொடுத்தால் சிறை, கொடுக்காவிட்டால் கத்தி. இதைவிடக் கெடுபிடி வேறு என்ன இருக்க முடியும்?

தலைவர்களின் கதையும் இவ்வாறே பிளவுண்டது. கணபதி 1949 மார்ச் மாதத்தில் ஆயுதத்துடன் பிடிபட்டார். அவசரகால விதிகளின்படி அதற்குத் தூக்குத் தண்டனை. இந்திய அரசு கருணை வேண்டியும் பயனில்லை. 1949 மே 4இல் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள், அவருடைய தோழர் பி. வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கேரளத்தில் பிறந்து நெகிரி செம்பிலானில் சங்கப் பணி செய்த பி. பி. நாராயணன் வேறு வழியைத் தேர்ந்தார். சட்டத்துக்கு உட்பட்டுச் சங்கம் வளர்த்தார். 1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரானார். 1949இல் உலகத் தொழிற்சங்க இயக்கமே இரண்டாக உடைந்து, மேற்கத்திய அணியினர் தனிச் சம்மேளனம் கண்டனர். பிற்காலத்தில் அவ்வுலக அமைப்பின் தலைவராகவும் நாராயணன் உயர்ந்தார்.

ஒருவரைத் தியாகி என்றும் மற்றவரை ஒத்துழைத்தவர் என்றும் கூறுவோர் உண்டு. முன்னவரைக் கலகக்காரர் என்றும் பின்னவரைப் பொறுப்பான தலைவர் என்றும் மாற்றிக் கூறுவோரும் உண்டு. இவ்விரு தீர்ப்புகளும் வல்லரசுகள் வகுத்துத் தந்த கோட்டின்மீதே நிற்கின்றன என்பது என் கருத்து. நாம் கேட்க வேண்டியது ஒன்றே: 1941இல் எழுந்த கோரிக்கைகள் என்னவாயின? 1948இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்த தொழிற்சங்க உறுப்பினர் தொகை, அடுத்த ஆண்டின் இறுதிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கூலி கேட்பவர் காட்டாரின் ஆள் என்று ஐயுறப்படுவாரோ என்ற அச்சம் பரவியது. ரப்பர் விலை ஏறியபோது கூலியும் ஏறியது உண்மை. விலை இறங்கியபோது கூலியும் இறங்கியது. நாட்கூலிக்கு மாற்றாக மாதச் சம்பளம் என்ற கோரிக்கையோ, நாடு விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் பேச்சுவார்த்தை மேசையிலேயே கிடந்தது.

1955 டிசம்பர் இறுதியில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசியும் உடன்பாடு எட்டவில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. கட்சி ஆயுதத்தை முழுமையாகக் கைவிட்டது 1989 டிசம்பர் 2இல், தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில். அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கொர்பசோவும் மால்டாவில் சந்தித்து, பழைய பகையை முடித்துவைக்கும் பேச்சைத் தொடங்கினர். பெரியவர் பகையும் சிறியவர் போரும் ஒரே நாளேட்டில் முடிந்தன. அப்போது தோட்ட வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. செம்பனை ரப்பரின் இடத்தைப் பிடித்திருந்தது. லயத்து மக்கள் நகரோரங்களுக்குப் பெயரத் தொடங்கியிருந்தனர்.

ஆசிரியப் பெருமக்களே, இப்பாடத்தை நடத்தும்போது இரு அணிகளின் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். கரும்பலகையின் இரு பத்திகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பத்தியை வரையுங்கள். அதன் தலைப்பில் 'தொழிலாளர் கேட்டது என்ன?' என்று எழுதச் சொல்லுங்கள். அரசின் சட்டமும் கட்சியின் ஆணையும் அந்தக் கேள்விக்கு என்ன செய்தன என்று மாணவர்களே ஆராயட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களில் எண்பதைக் கடந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இருந்தால், முள்வேலியையும் சோதனையையும் சிறுவயதில் கண்டவர்கள் அவர்களில் இருக்கக்கூடும். அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த அணி என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே ஒரு தலைமுறை வாய்மூடி வாழ்ந்தது. அன்று என்ன சமைத்தார்கள், எத்தனை மணிக்குக் கதவடைத்தார்கள், எதை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். அகராதிகள் தராத வரலாறு அச்சொற்களில் இருக்கிறது. அவர்கள் மறையும் நாளில் அவையும் மறையும்.