பிள்ளைகளின் கால்களுக்குக் கவசம்

(மலாக்கா மாநிலத் தோட்டப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



தோட்டம் எதுவாயினும் அங்கே ஒரு கோயிலும் ஒரு திடலும் இருப்பதைக் காண்கிறோம். காலையில் பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நாம் சற்றே இளைப்பாறி எழுவதற்குள் திடல் பிள்ளைகளால் நிறைந்துவிடுகிறது. பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இவ்வழக்கம் மாறவில்லை. தோட்டத்தை விட்டு ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பந்தை மறந்துவிடவில்லை. இப்பொழுது பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளுக்கு இணையாகக் களத்தில் இறங்குகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும், காற்பந்து என்பது காலோடு கால் மோதும் விளையாட்டு. அந்தக் கால்களைக் காக்க வேண்டிய கவசத்தைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணியுள்ளோம். கவசம் வாங்கிக் கொடுப்பது பற்றி மட்டுமன்று. வாங்கிய கவசத்தைப் பிள்ளை முகம் சுளிக்காமல் அணிவது பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பள்ளிப் போட்டிகளில் நடுவர் சோதிக்கும்பொழுது மட்டும் கவசத்தைக் காட்டிவிட்டு, மற்ற நாள்களில் அதைப் பையின் அடியில் போட்டு வைக்கும் பிள்ளைகள் நம்மிடையே மிகப் பலர். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று கூறிவிட முடியாது. விசாரித்துப் பார்த்தால், "கடிக்கிறது", "வழுக்குகிறது", "ஓட முடியவில்லை" என்று ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அக்காரணம் உண்மையாகவே இருக்கும்.

இதை உங்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவர்த்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிரைக்குள் நுழைகின்றவர்கள் நீங்கள். விளக்கின் பட்டை நெற்றியை அறுத்தால் இரண்டாம் நாளே அதை மாற்றிக் கட்டுகிறீர்கள். குதிகாலைக் கடிக்கும் ரப்பர் காலணியை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வீர்கள்? வளர்ந்த நமக்கே பொறுக்காத ஒன்றை ஏழு வயதுப் பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

உங்கள் வலக்கை விரலால் முழங்காலின் கீழிருந்து கணுக்கால் வரை முன்புறமாகத் தடவிப் பாருங்கள். பின்புறத்தில் தசை திரண்டிருக்கிறது. முன்புறத்திலோ தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படுகிறது. அடியைத் தாங்கிக்கொள்ள அங்கே தசை இல்லை. மேசைக் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவது போல வலிப்பது இதனாலேயே. சிறுவர்களின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. அதன் இரு முனைகளிலும் வளர்ச்சி நடைபெறும் மென்மையான பகுதிகள் உள்ளன. அங்கே ஏற்படும் காயத்தைச் சரியாகக் கவனிக்காவிட்டால், அந்தக் காலின் வளர்ச்சியே பாதிக்கப்படக்கூடும்.

இக்கவசம் நேற்று வந்த நாகரிகப் பொருளும் அன்று. 1874-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவைச் சேர்ந்த சாம் விடோசன் என்னும் ஆட்டக்காரர், கிரிக்கெட் ஆட்டத்திற்குரிய நீண்ட காற்கவசத்தை வெட்டிச் சிறிதாக்கி, காலுறைக்கு மேலே வாரினால் கட்டிக்கொண்டு ஆடினார். முதலில் பலரும் அவரைப் பார்த்து நகைத்தனராம். ஆயினும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பமாகவே இருந்தது. 1972-ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக் போட்டியில் மலேசியக் குழு அமெரிக்காவை 3-0 என்ற கோல் கணக்கில் வென்றதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நம் மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் அவர்களும், எம். சந்திரன் போன்ற தமிழர்களும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் காலத்தில் கவசம் கட்டாயமில்லை. 1990-ஆம் ஆண்டில்தான் ஆட்ட விதிகள் அதைக் கட்டாயமாக்கின. "அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலோடு ஆடவில்லையா?" என்று கேட்கும் தாத்தாமார்களுக்கு நாம் கூறக்கூடிய மறுமொழி ஒன்றுதான்: ஆடினீர்கள், அதற்கான தழும்புகளும் உங்கள் கால்களில் இருக்கின்றன.

இனி, வாங்கும் முறை. தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்பொழுது, "வளரும் பிள்ளை" என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். சட்டைக் கையை மடித்துவிடலாம். கவசத்தை மடிக்க முடியாது. பெரிதாக உள்ள கவசம் ஓடும்பொழுது பக்கவாட்டில் திரும்பிவிடும். பின்னர் அடி விழும்பொழுது அது எலும்பின்மேல் இருப்பதில்லை. அதன் மேல்விளிம்பு முழங்காலிலும் கீழ்விளிம்பு பாதத்திலும் இடித்துப் புண்ணாக்கும். சிறிதாகிப்போன கவசமோ, காலின் பாதியைத் திறந்தே விட்டுவிடும்.

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். பிள்ளையை நாற்காலியில் அமர வைத்துப் பாதத்தைத் தரையில் பதிக்கச் செய்யுங்கள். முழங்கால் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கி, பாதம் மடங்கும் இடத்திற்குச் சற்று மேலே முடியுமாறு நூலைப் பிடியுங்கள். கவசம் ஏறத்தாழ அந்த நீளம் இருத்தல் வேண்டும். வயதைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒன்பது வயதில் நெட்டையாக உள்ள பிள்ளையும் உண்டு, குட்டையாக உள்ள பிள்ளையும் உண்டு. கூடுமானால் பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் சென்று, அணிந்து நான்கடி ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பிடித்த நிறத்தில் இருந்தால் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பறையில் பழகியவர்களுக்கு இதன் பயன் தெரியும்.

அணியும் வரிசை மிக முக்கியம். கணுக்காலையும் சேர்த்து மூடும் பட்டை உள்ள கவசம், கவசம் மட்டும் தனியாக உள்ளது என இரண்டு வகைகள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு முதல் வகை நகராமல் நிற்கும். முதலில் கவசம், அதன்மேல் நீண்ட காலுறை, அதன் பிறகு காலணி என்பதே வரிசை. காலணியை மாட்டிய பிறகு கவசத்தைத் திணிக்க முயன்று, கண்ணீர் விட்டு, ஆட்டமே வேண்டாம் என்று அமர்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. இடது, வலது என்று வேறுபாடு உள்ள கவசங்களில், உள்பக்கத்தில் மையால் 'இ', 'வ' என்று எழுதி வைத்துவிடுங்கள். பட்டையைக் கட்டியபின் உங்கள் சுண்டுவிரல் அதற்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம் அதிகம். இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு அதிகம். விதிப்படி காலுறை கவசத்தை முழுவதுமாக மூடியிருத்தல் வேண்டும்.

தோல் சிவந்து அரிப்பு உண்டாகிறது என்று பிள்ளை கூறினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். நம் நாட்டு வெயிலில் வியர்வை கவசத்திற்குள் தேங்கிவிடுகிறது. கவசத்திற்கு அடியில் மெல்லிய பருத்திக் காலுறை ஒன்றை அணிவித்தால் பெரும்பாலும் இத்தொல்லை நீங்கிவிடும். ஆட்டம் முடிந்தவுடன் கவசத்தைக் கழற்றி, காலைக் கழுவித் துடைக்க வேண்டும். கவசத்தையும் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். அடுப்பருகே காய வைத்தால் உள்ளிருக்கும் பஞ்சு இறுகிப் பிளந்துவிடும். ரப்பர் சூட்டில் என்னவாகும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? ஈரத்தோடு பையில் போட்டு வைத்தால் மறுவாரம் வரும் துர்நாற்றமே, பிள்ளை அதைத் தொடாமல் இருக்கப் போதுமான காரணமாகிவிடும்.

புதுக் கவசத்தைப் போட்டியன்று முதன்முதலாக அணிவிப்பது தவறு. ஒரு வாரத்திற்கு முன்னரே, வீட்டில் நாளொன்றுக்கு அரைமணி நேரம் அணிந்து நடமாடச் செய்யுங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருக்கும் வேளையில் பிள்ளை தானே உடுத்திக்கொண்டு திடலுக்குச் செல்வது தோட்டத்தில் வழக்கம். ஆகையால், நாம் அணிவித்துவிடுவதைக் காட்டிலும் தானே அணியக் கற்றுக்கொடுப்பதே சிறந்தது. முதல் நாள் ஒரு காலுக்கு நாமும் மறு காலுக்குப் பிள்ளையும் என்று தொடங்கலாம். கர்ணனுக்குக் கவசம் உடலோடு பிறந்தது. நம் பிள்ளைகளுக்கோ அதைப் பழக்கித்தான் தர வேண்டியிருக்கிறது.

அட்டைத் துண்டையோ மடித்த அப்பியாசப் புத்தகத்தையோ காலுறைக்குள் செருகிக்கொண்டு ஆடும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அவர்களுடைய சமயோசிதத்தைப் பாராட்டலாம். ஆனால் வியர்வையில் நனைந்த அட்டை காகிதத்திற்குச் சமம். குடும்பத்தில் வசதி குறைவென்றால், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்று அளவுகளில் சில இணைக் கவசங்களைப் பொதுவாக வாங்கி வைக்கலாம். ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைத்துக் கொடுக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அண்ணன் அணிந்த கவசத்தைத் தம்பிக்குக் கொடுப்பதிலும் குற்றமில்லை. வெடிப்பு இல்லாமலும் அளவு பொருந்தியும் இருந்தால் போதும்.

காலணியில் மட்டும் அவ்வளவு தாராளம் கூடாது. அண்ணனின் கால் வாகுக்குத் தேய்ந்த காலணி தம்பியின் காலைப் புண்ணாக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். காலணியைக் காலுறையோடுதான் அளவு பார்க்க வேண்டும். நம் மாநிலத்துத் தோட்டத் திடல்கள் பலவும் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. போர்த்துக்கீசியர் மலாக்காவில் கோட்டை கட்டியது அந்தச் செம்புறைக்கல்லைக் கொண்டுதான் என்றால் அதன் கடினத்தை எண்ணிப் பாருங்கள்! அத்தகைய தரைக்கு அடியில் குட்டையான ரப்பர்க் குமிழ்கள் உள்ள காலணியே ஏற்றது. நீண்ட உலோகக் குமிழ்கள் சிறுவர்களுக்கு ஆகா. அவை எதிரிலுள்ள பிள்ளையின் காலையும் கிழிக்கும்.

தாய்மார்கள் மனம் வருந்தாமல் கேட்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. காப்பு, சங்கிலி, தோடு, மோதிரம் முதலிய அணிகலன்களோடு ஆடுவதை ஆட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் ஏற்றுக்கொள்ளப்படாது. தோடு சிக்கிக் காது கிழிவதும், சங்கிலி கழுத்தை நெரிப்பதும் நடக்கக்கூடியவையே. வேண்டுதலுக்காகக் கட்டிய காப்பு என்றால், போட்டி நாளுக்கு முன்னதாகவே ஆசிரியரிடம் பேசி ஒரு முடிவு செய்துகொள்ளுங்கள். களத்தின் ஓரத்தில் நின்று நடுவரோடு வாதிடுவதால் அழுவது பிள்ளைதான்.

கவசம் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. தோல் கிழிவதையும் இரத்தம் கட்டுவதையும் அது பெரிதும் குறைக்கும். எலும்பில் விழும் அடியின் வேகத்தைத் தணிக்கும். கணுக்கால் பிசகுவதையோ முழங்கால் திரும்புவதையோ அது தடுக்காது. தரையில் ஊன்றப்படாத கோல் கம்பத்தில் பிள்ளைகள் தொங்கி, அது தலையில் சாய்ந்தால் எந்தக் கவசமும் உதவாது. வெளிநாடுகளில் பிள்ளைகள் இவ்வாறு உயிரிழந்திருக்கிறார்கள். உங்கள் திடலில் உள்ள கம்பம் ஆடுகிறதா என்று நாளையே ஒருவர் அசைத்துப் பாருங்கள்.

அடிபட்டுவிட்டால் செய்யக்கூடாத ஒன்று நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. வீங்கிய காலை எண்ணெய் தடவி உருவி விடுவதும், "சுளுக்குத்தான்" என்று இழுத்து விடுவதுமே அது. உடைந்த எலும்பை இழுத்தால் உள்ளேயுள்ள நரம்பும் இரத்தக் குழாயும் சேதமாகும். பிள்ளை காலை ஊன்ற மறுத்தாலோ, கால் வளைந்து தோன்றினாலோ, வீக்கம் விரைந்து ஏறினாலோ, காலை அசைக்காமல் இருபுறமும் தப்பை வைத்துத் தளர்வாகக் கட்டி, ஜாசின், அலோர் காஜா, மலாக்கா மருத்துவமனைகளில் அருகிலுள்ளதற்குக் கொண்டு செல்லுங்கள். கவசத்தைக் கழற்றப் போராட வேண்டாம். பட்டையைத் தளர்த்தினால் போதும், தேவைப்பட்டால் காலுறையைக் கத்தரியுங்கள். புதுக் காலுறையாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

மூன்று அளவுகளில் கவசங்களை இங்கே மேசைமீது வைத்திருக்கிறோம். நூலும் இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அளந்து, தாமே அணிந்து பார்க்கட்டும்; பெற்றோர்கள் அருகில் நின்று பட்டைக்குள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். முதலில் சிறியவர்கள் வரலாம்.